பொன்னுக்கு வீங்கியும் அஞ்சலை அக்காவின் சங்கிலியும்

முதலில் வீங்கியது முனியம்மாவின் இடது கன்னம். ஏழு வயதுப் பிள்ளை. வகுப்பு முழுவதும் ஜப்பான் பாட்டைக் கத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைக் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பசிக் காலம். பிள்ளைகள் அப்படிச் செய்வது வழக்கம்தான்.

“வாயில என்ன? துப்பு!” என்று அதட்டினேன்.

பிள்ளை பயந்துபோய் வாயைத் திறந்தது. உள்ளே நாக்கும் நாலு பால்பல்லும்தான் இருந்தன. அதற்குமேல் திறக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புக்கான பலனைச் சீக்கிரமே அனுபவித்தேன்.

இந்தப் பழைய கதையை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. நான் இன்று மெர்கோங் என்ற ஊரில் குடியிருக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கன்னம் உப்பி, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டான். “பல்லுவலி தாத்தா, மத்தியானம் டாக்டர்கிட்ட காட்டணும்” என்றாள் அவன் அம்மா. பின்பக்கமாகப் போய் அவன் காதைப் பார்த்தேன். காது மடலின் நுனி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. “அவன உள்ள கூட்டிட்டுப் போம்மா!” என்று நான் போட்ட கூச்சலில் தெரு நாய் எழுந்து ஓடிவிட்டது. வகுப்பறையில் நிற்கிற ஆசிரியர்களுக்கும், காலையில் பிள்ளையை அவசரமாகக் கிளப்பிவிடுகிற தாய்மார்களுக்கும் அந்தக் கூச்சலுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்த இரண்டாம் வருஷம். சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். முப்பது சொச்சம் பிள்ளைகளுக்கு நான் ஒருவனே வாத்தியார். எனக்கு இருபத்து நாலு வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நிறைய இருந்தது.

பொன்னுக்கு வீங்கி என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கன்னச் சுரப்பி (காதுக்குக் கீழே எச்சில் ஊறும் இடம்) வீங்கி, மெல்லவும் விழுங்கவும் முடியாமல் வலிக்கும். காய்ச்சல் இருக்கும். வைரஸால் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கிருமி) வருவது. எச்சில், இருமல், தும்மல் வழியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே வடிந்துவிடும்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள்) இதற்கு இருந்த ஒரே வைத்தியம், பிள்ளையின் கழுத்தில் பொன் சங்கிலி போடுவது. பொன்னுக்காக வீங்கிய கழுத்து, பொன் பட்டதும் வடியும் என்று நம்பினோம். எப்படியும் ஒரு வாரத்தில் வடியப்போகிற நோய்க்கு எந்த வைத்தியமும் பலிக்கும். அது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், லயத்தில் பொன் இல்லை. இருந்த தோடு, மூக்குத்தி, குண்டுமணி எல்லாம் அரிசியாகிப் போய்விட்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அஞ்சலை அக்காவின் சங்கிலி. முந்திரிப் பருப்பு அளவில் ஒரு பதக்கம் கோத்த ஒற்றை வடம். அதை ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) வாளியில் போட்டு, கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள். வெட்டுக்காட்டில் (மரத்தில் பால் வெட்டும் இடம்) மூன்று ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்கிற மனுஷி. குரலும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். முனியம்மாவுக்கு வீங்கியதைக் கேட்டதும் அவளே தோண்டி எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

வந்த பின் ஒவ்வொரு பிள்ளையாகச் சங்கிலி போடுவதைவிட, வருமுன்னே எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டால் என்ன? படித்தவன் மூளை இப்படித்தான் வேலை செய்தது. அக்காவிடம் கேட்டேன். “நம்ம பிள்ளைங்கதானே தம்பி, எடுத்துட்டுப் போங்க” என்றாள். சங்கிலி தரையில் படக்கூடாது, ஒரு கழுத்திலிருந்து நேரே இன்னொரு கழுத்துக்குத்தான் போகவேண்டும் என்பது வழக்கம். ஆகவே வீங்கிய கன்னத்தோடு முனியம்மாவையே பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தேன். நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தேன். அவள் தன் கழுத்திலிருந்து கழற்றி முதல் பிள்ளைக்குப் போட்டாள். அது நூறு எண்ணும்வரை போட்டுக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு மாற்றியது. நூறு எண்ணும் நேரத்தில் பிள்ளைகள் சும்மாவா இருக்கும்? பொன்னை அதற்குமுன் கிட்டத்தில் பார்த்திராத பிள்ளைகள். ஒவ்வொன்றும் பதக்கத்தை வாயில் போட்டுச் சப்பியது. பல்லால் கடித்தும் பார்த்தது.

கடைசியில், “வாத்தியாரும் போடணும்! வாத்தியாரும் போடணும்!” என்று ஒரே கூச்சல். போட்டுக்கொண்டேன். அவர்களைச் சிரிக்கவைக்க நானும் பதக்கத்தைப் பல்லிடுக்கில் கடித்துக் காட்டினேன்.

வேலியோரம் பாக்கியம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியம் எனக்குப் பரிசம் போட்ட பெண். பால் வெட்டப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டாயில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் அப்பாதான் கல்யாணம் பேசி முடித்தவர். பேசிய அடுத்த மாதமே அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வைகாசியில் கல்யாணம் என்று அவர் சொல்லிவிட்டுப் போன சொல் மட்டும் எங்களிடம் இருந்தது.

“காய்ச்சல் பிள்ளைய வீட்டுல படுக்க வைக்காம நடுவுல உக்கார வச்சிருக்கீங்களே?” என்றாள்.

“பொன் இருக்கப் பயமென்ன?” என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

சாயங்காலம் அஞ்சலை அக்கா சங்கிலியை ஆயாக்கொட்டாய்க்குக் கொண்டுபோனபோது பாக்கியம் கதவுப் படலைச் சாத்திவிட்டாள். “இங்க வேணாம் அக்கா. சின்னஞ்சிறுசுங்க, எதையும் வாயில வைக்கும்” என்று சொல்லியிருக்கிறாள். அக்காவுக்குக் கோபமான கோபம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காவது இருக்கட்டும் என்று சங்கிலியை என்னிடம் கொடுத்துவைத்தாள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரமும் ஒன்றுமில்லை. பார்த்தாயா என்று பாக்கியத்திடம் பீற்றிக்கொண்டேன். கிருமி உடம்புக்குள் புகுந்து வீக்கமாக வெளியே தெரிய இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரம்கூட ஆகும் என்பது தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இரண்டரை வாரம் ஆனபோது, ஒரே காலையில் ஐந்து பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் ஏழு. அன்று மத்தியானம் பசிக்கு ஒரு பிளிம்பிங் காயைக் கடித்தேன். புளிப்பு நாக்கில் பட்டதும் இரண்டு காதுக்கும் கீழே சுரீர் என்றது. பாதிக் காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். முனியம்மா ஏன் காதைப் பொத்தி அழுதாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தேன். இருபத்து நாலு வருஷமாக நான் ஒல்லி. ஒரே நாளில் எனக்குத் தோட்டத்துத் துரை மாதிரி முகம் வந்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரி காலி. டிரெசர் (டாக்டர் இல்லாத தோட்டத்தில் வைத்தியம் பார்ப்பவர்) சாமுவேல் ஐயா மட்டும் இருந்தார். என் கன்னத்தை அமுக்கிப் பார்த்தார்.

“சங்கிலி விழா நடத்துனது நீங்கதானே வாத்தியார்?”

தலையை ஆட்டினேன். ஆட்டியதும் வலித்தது.

“அந்தப் பதக்கத்த எத்தன பேரு வாயில வச்சாங்க?”

“எல்லாரும்தான்.”

“நல்லா நடத்துனீங்க போங்க!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, “பிள்ளைங்களுக்கு வந்தா கன்னத்தோட போயிடும். உங்கள மாதிரி வயசுப் பசங்களுக்கு வந்தா, சில பேருக்குக் கீழயும் இறங்கும். படுக்கைய விட்டு எழுந்திரிக்காதீங்க” என்றார்.

“கீழன்னா எங்க ஐயா?”

“கீழன்னா கீழதான் வாத்தியார்.”

ஐந்தாம் நாள் இறங்கியது. கன்னம் வடியத் தொடங்கி, நல்லவேளை தப்பித்தோம் என்று இருந்தபோது, குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தது. மறுநாள் விடிந்தபோது விதை அழற்சி (விதை வீங்கிச் சிவந்து கடுமையாக வலிப்பது). இடது பக்கம். வலியை விவரிக்க மாட்டேன். நாலு நாள் நான் ஆண்டவனைத் தவிர யாரிடமும் பேசவில்லை. துணியை மடித்து அண்டை கொடுத்து, குளிர்ந்த தண்ணீர்த் துணி போட்டு, மல்லாக்கக் கிடக்கச் சொன்னார் டிரெசர். வேறு மருந்து இல்லை. இன்றும் பெரிய மருந்து கிடையாதாம். வலிக்கு மாத்திரை கிடைக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லயத்தில் எதையாவது மறைக்க முடியுமா? பலகைச் சுவர். இந்த வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, “கன்னம் எப்படி இருக்கு வாத்தியார்?” என்று கேட்டார்கள். கண் மட்டும் கன்னத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. எழுந்து இரண்டு அறை விடலாம் என்றும் வந்தது.

காய்ச்சல் விட்டதும் டிரெசரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டு பக்கமும் இறங்கியிருந்தா ரொம்ப யோசிக்கணும். உங்களுக்கு ஒரு பக்கம்தான். பிள்ளை பிறக்கலாம். அநேகமாப் பிறக்கும். ஆனா சத்தியம் பண்ணிக் கொடுக்க என்னால முடியாது தம்பி.”

அதுவரை வாத்தியார் என்று கூப்பிட்டவர் இப்போது தம்பி என்றார்.

நான் ஒற்றைப் பிள்ளை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் எனக்கென்று இரத்த உறவு யாருமில்லை. எனக்குப் பிள்ளைகள் வேண்டும், வீடு நிறையச் சண்டை போடவேண்டும் என்று பாக்கியத்திடம் வெட்கமில்லாமல் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அவளிடம் போய் இதைச் சொல்லவேண்டும். சொல்லாமல் தாலி கட்டலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அவள் அப்பாவும் ஊரில் இல்லை. அப்படி ஒரு யோசனை வந்தது, இரண்டு நாள் இருக்கவும் செய்தது. அதை மறைத்து எழுத இஷ்டமில்லை.

மூன்றாம் நாள் காலை மெல்லக் காலை அகட்டி நடந்து ஆயாக்கொட்டாய்க்குப் போனேன். வரிசையாகச் சாக்குத் தூளிகள். பாக்கியம் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று வைத்துக்கொண்டு காலால் ஒரு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். படலுக்கு வெளியே நின்றே சொன்னேன். டிரெசர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் தோளில் இருந்ததை இறக்கித் தூளியில் போட்டாள்.

“எனக்கு இங்கயே பதினோரு பிள்ளைங்க இருக்கு” என்றாள். “பிள்ளைக்கா பஞ்சம்? இதச் சொல்லாம கட்டியிருந்தீங்கன்னா, அதத்தான் என்னால பொறுத்துக்க முடியாது.”

நான் திரும்பி நடக்கப்போனேன். கூப்பிட்டு நிறுத்தினாள்.

“ஆனா ஒண்ணு வாத்தியாரே. இந்தப் பதினோரு பிள்ளைங்களுக்கும் அண்ணன் அக்கா உங்க பள்ளிக்கூடத்துல இருக்கு. அங்கேருந்துதான் வீட்டுக்கு வருது. இன்னும் வீங்காத பிள்ளைங்க பாதிக்கு மேல இருக்கு. சங்கிலியக் கொடுத்துட்டு, பள்ளிக்கூடத்த ஒழுங்கு பண்ணுங்க. அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்.”

முதலில் அஞ்சலை அக்காவிடம் போனேன். சங்கிலியைச் சோப்புக்காய் போட்டு வெந்நீரில் கழுவிக் கொண்டுபோயிருந்தேன். அதுவே தப்பாகிவிட்டது.

“என் பொன்ன ஏன் கழுவுனீங்க? என் பொன்னுல என்ன அழுக்கு?”

“தப்பு பொன்னுல இல்ல அக்கா. எல்லாப் பிள்ளையையும் கூட்டி வச்சு வாயில வைக்க விட்டேனே, எங்கிட்டதான் தப்பு.”

“ஊருக்கு உதவுனதுக்கு எனக்கு இது வேணும்லா!” என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சங்கிலி மறுபடி கோழிக்கூண்டுக்கு அடியில் போனது.

அடுத்தது பள்ளிக்கூடம். இருந்தது ஒரே அறை, அதில் ஆறு பெஞ்சு. பிள்ளைகள் ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படும்படி நெருங்கி உட்காருவார்கள். மாசி மாதம், மழை இல்லை. கித்தா (ரப்பர்) மரங்கள் இலை உதிர்த்து நின்றன. பிள்ளைகளை வெளியே கொண்டுபோய், ஆளுக்கு ஒரு மரம் என்று பிரித்துக் கொடுத்தேன். அவரவர் மரம், அவரவர் தண்ணீருக்கு ஒரு கொட்டாங்கச்சி. பேர் எழுதி மரத்திலேயே தொங்கவிட்டோம். வாய்ப்பாடு சொல்ல நான் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது. கடைசி வரிசைக்கு ஏழாம் வாய்ப்பாடு போய்ச் சேர்வதற்குள் முதல் வரிசை எட்டுக்கு வந்துவிடும். உதிர்ந்த இலையில் புரண்டுகொண்டு பிள்ளைகள் சந்தோஷமாகப் படித்தார்கள். மேற்பார்வைக்கு வந்த ஜப்பான் அதிகாரி, ஆளுக்கொரு மரத்தடியில் நின்று தன் நாட்டுப் பாட்டைக் கத்தும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கன்னத்தில் மிச்சமிருந்த வீக்கத்தைக் காட்டினேன். விறுவிறுவென்று லாரியில் ஏறிவிட்டார்.

காலையில் வேலி வாசலில் முனியம்மா நிற்பாள். அவளுக்கு ஒருமுறை வந்து போய்விட்டது. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவது அபூர்வம். அதனால் அவளைத்தான் பரிசோதகராக வைத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு துண்டு பிளிம்பிங் கொடுப்பாள். புளிப்புக்கு முகம் சுளித்தால் உள்ளே போகலாம். காதைப் பிடித்தால் வீட்டுக்குத் திரும்பவேண்டும். கோபால் என்றொரு பையன் தினமும் காதைப் பிடித்து அலறினான். முனியம்மா பின்னால் போய் அவன் காதைப் பார்த்துவிட்டு, “மடல் தள்ளலயே வாத்தியாரே, இவன் புளுகுறான்” என்று உள்ளே தள்ளிவிடுவாள்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இந்தப் பிளிம்பிங் சோதனை முழுக் காவல் அல்ல. வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு பிள்ளை மற்றவர்களுக்குத் தொற்ற வைக்கலாம். அதனால்தான் தள்ளி உட்காருவதும் தனிக் கொட்டாங்கச்சியும் வேண்டியிருந்தன. வீங்கிய பிள்ளையை வடியும்வரை நாங்கள் வீட்டில் வைத்தோம். வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வீட்டில் வைத்தால் போதும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். இப்போது தடுப்பூசியும் இருக்கிறது. போட்டுவிடுங்கள். எங்களுக்குக் கித்தா மரம்தான் இருந்தது.

அதன்பிறகும் நாலைந்து பிள்ளைகளுக்கு வந்தது. ஒரே நாளில் ஏழு பேர் என்று வரவில்லை. ஆயாக்கொட்டாயில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு சரி. மரங்கள் மறுபடி தளிர்த்தபோது நான் பெஞ்சுகளை வெயிலில் காயவைத்து உள்ளே போட்டேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தாலியாகக் கட்டினேன். பாக்கியத்தின் அப்பாவுக்காக ஒரு பலகையைக் காலியாக வைத்திருந்தோம். அவர் வரவேயில்லை. அஞ்சலை அக்கா வந்தாள், மரவள்ளிப் பாயசத்தைக் குடித்தாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

பிறகு காத்திருந்தோம். நோய்க்கு முன்பு எனக்குக் காலம் என்றால் சம்பள நாள், பண்டிகை நாள் அவ்வளவுதான். அதன்பின் ஒவ்வொரு மாதமும் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தே கழிந்தது. என் உடம்பும் எனக்குப் புதிதாக இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் சுருங்கிவிட்டது, இன்றுவரை அப்படித்தான். முன்பெல்லாம் அப்படி ஒன்று இருப்பதையே நினைத்ததில்லை. குளிக்கும்போதெல்லாம் நினைத்தேன். ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். எங்கள் வீட்டில் தூளி கட்டும் கொக்கி சும்மாவே தொங்கியது. பாக்கியம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. கழற்றவும் விடவில்லை.

ஐந்தாம் வருஷம் மகள் பிறந்தாள். சண்டை போட ஆளில்லாமல் அவள் ஒருத்திதான். ஆனால் வீடு நிறைந்துவிட்டது.

அவளுக்கு ஆறு வயது. ஒருநாள் காலை பாக்கியம் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். “இங்க வந்து பாருங்க.” மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்தே தெரிந்தது. இரண்டு காது மடலும் வெளியே தள்ளியிருந்தன. என்னைப் பார்த்துத் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் சிரித்தேன். ஒரு தகப்பன் சிரிக்கக்கூடாத இடம்தான். என்னால் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். அந்த நோய் வந்து படுக்க எனக்கென்று ஒரு பிள்ளை இருக்கிறது!

“கிறுக்குப் பிடிச்சிருச்சா?” என்று கேட்ட பாக்கியமும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மத்தியானம் வாசலில் ஒரு குரல் கேட்டது. அஞ்சலை அக்கா. அத்தனை வருஷமாக என்னோடு பேசாதவள். கையில் ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். கிண்ணத்தில் வெந்நீர், வெந்நீரில் சங்கிலி.

“நல்லா கழுவிட்டேன் தம்பி. சோப்புப் போட்டே கழுவிட்டேன். வடியிற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும், வேற எங்கயும் போக வேணாம்” என்றாள்.

சங்கிலியால் வடியாது என்று எனக்குத் தெரியும். வாங்கி மகளின் கழுத்தில் போட்டேன். பத்து நாள் அந்த ஒரே கழுத்தில் கிடந்தது.